நெஷெத் எர்தாஷ் வேண்டாம் என்ற பட்டம்

துருக்கிப் பாடகர் நெஷெத் எர்தாஷைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு கதை சொல்வார்கள். சுலைமான் டெமிரெல் ஜனாதிபதியாக இருந்தபோது 'அரசுக் கலைஞர்' பட்டம் தேடி வந்தது, மனிதர் வேண்டாம் என்றுவிட்டார். என்ன ஒரு தன்னடக்கம் என்று உருகுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எல்லாருமே அரசின் கலைஞர்கள்தான், ஒருவருக்கு மட்டும் தனிப்பட்டம் என்றால் அது பாகுபாடு, நான் மக்களின் கலைஞனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அடங்கிப் போகிறவர் பேச்சா இது?

அவர் பிறந்தது 1938இல், நடு அனத்தோலியாவில் கிர்ஷெஹிர் பக்கம் ஒரு கிராமம். அப்தால் சமூகம். கல்யாணங்களில் வாசிப்பதுதான் குலத்தொழில். கொண்டாட்டத்துக்கு அவர்கள் வேண்டும், மற்ற நாளில் எட்டி நிற்க வேண்டும். அப்பா முஹர்ரெம் எர்தாஷ் பெரிய பாடகர், ஆனாலும் வீட்டில் வறுமை. அப்பா வாசிக்க, சின்னப் பையன் விரலில் குட்டித் தாளம் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான். பின்னாளில் தன் பாட்டுகளில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'கரிப்'. நாதியற்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பாடும் பொஸ்லாக்கை, அதாவது அனத்தோலியாவின் புலம்பல் பாட்டை, ராத்திரி ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். தாளக்கட்டு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே உச்சியில் ஒரு கூவல், அப்புறம் படிப்படியாக இறக்கம். நடுநடுவே பாக்லமா என்கிற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்தின் மரத்தில் விரல் தட்டும் சத்தம்கூடக் காதில் விழும். மொழி தெரியாத எனக்கே தொண்டை அடைக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் விரல்கள் செயலிழந்துபோக, சிகிச்சைக்கென்று ஜெர்மனி போனவர் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். அங்கேயும் துருக்கித் தொழிலாளிகளின் கல்யாணங்கள்தான். 2000இல் இஸ்தான்புல்லில் மறுபடி மேடையேறினார்.

2006இல் நாடாளுமன்றம் கொடுத்த விருதை மட்டும் வாங்கிக்கொண்டார். அதுவும் தனக்காக இல்லை, தனக்கு முன்னால் பாடிவிட்டுப் போன அத்தனை பாணர்கள் பெயரிலும் என்று சொல்லித்தான் வாங்கினார். ரசிகர்களிடமோ, 'உங்கள் கால் தூசு நான்' என்பார். சரி, பணிவு இல்லாமல் இல்லை. அதை யாரிடம் காட்டுவது என்பதில் மனிதர் கறாராக இருந்தார், அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 25, இஸ்மிரில் இறந்தார். அவர் ஆசைப்பட்டபடியே கிர்ஷெஹிரில், அப்பாவின் காலடியில் புதைத்தார்கள்.