அன்று வந்த காணொளியும் இன்றைய 152ஆவது பிரிவும்

2016 செப்டம்பர் 12 அன்று பிற்பகல், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த என் மைத்துனரின் காரில் தமிழ்நாட்டுப் பதிவெண் தெரியாதிருக்க, எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் ஒரு ஈரச் சாக்கை எடுத்து வந்து நம்பர் பலகையின் மேல் தம் கையாலேயே கட்டினார். காவிரி நீரைத் திறந்துவிடச் சொன்ன உச்ச நீதிமன்ற ஆணையால் ஊர் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கன்னட நடிகர்களை முகநூலில் கேலி செய்தார் என்று இங்கே ஒரு தமிழ் மாணவரை அடித்து, அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் கன்னடர்களைத் தாக்கிய காணொளிகள் திரும்பி இங்கே வந்தன. அன்று மாலைக்குள் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன.

ஆகவே இணையத்தில் எழுதுவது வெறும் பேச்சுதானே என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்த ஊரை விட்டு ரயிலேறியபோது, ஒருவர் ஒரு நாளில் ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாதென்று அரசு சில நாட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது பரவும் வேகத்தைத் தடுத்ததே தவிர, எவருடைய கருத்தையும் குற்றமாக்கவில்லை என்பதால் சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் நடந்தது வேறு. சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவை ஒட்டிய கடையடைப்பைக் கேள்வி கேட்டு எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் இருந்த 'எரிச்சலூட்டுதல்' போன்ற சொற்கள் யாரை வேண்டுமானாலும் பிடிக்கக் கூடியவை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவையே நீக்கியது. ஒன்றை விவாதிப்பதும், அதை ஆதரித்து வாதாடுவதும் உரிமை. தூண்டிவிடும் எல்லையை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்றது அத்தீர்ப்பு. இந்த அளவுகோலை 2016க்குப் பொருத்திப் பார்க்கிறேன். அடித்தவர்களும், 'இவர்களை விடாதே' என்று காணொளியை அனுப்பியவர்களும் சிக்குவார்கள். தெளிவற்ற பிரிவு இருந்திருந்தாலோ, தன் சொந்தப் பெயரில் கேலி எழுதிய, அடியும் வாங்கிய அந்த மாணவர்தான் முதலில் சிக்கியிருப்பார், ஏனெனில் அவரைக் கண்டுபிடிப்பதுதான் எளிது.

அதனால்தான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 152ஆவது பிரிவு எனக்குக் கவலை தருகிறது. அவற்றைக் காப்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் மின்னணுத் தகவல்தொடர்பையும் பெயர் சொல்லிச் சேர்த்து, ஆயுள் தண்டனை வரை விதிக்கும் அப்பிரிவு, 'பிரிவினை உணர்வுகளை ஊக்குவித்தல்' என்பது எங்கே தொடங்குகிறது என்று சொல்லவில்லை. மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில் வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. பேச்சு தொடர்பான வழக்குகளில் அவ்வழியை நாடுவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றமும் 2025 மார்ச்சில் கூறியது. தண்டனை அதைவிடக் கடுமையானது என்பதாலேயே 152 அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. வெறும் எழுத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்ட வழக்குகளிலாவது அந்த 14 நாட்களை 152க்கும் கட்டாயமாக்க வேண்டும்.