மாரடைப்புக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை: அந்த நேரலையைப் பற்றி

ஞாயிறு நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இதயத்துக்குக் கவசம், மாரடைப்பு வந்த பெண்கள்தான் அதை முதலில் எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டதையும், அதற்குக் கீழே குவிந்த பாராட்டுகளையும் பார்த்தபின் பேசாமலிருக்க முடியவில்லை. மாரடைப்பு வந்த பெண், இதயத்தைக் காப்பதற்கென்று ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

1990களில் அமெரிக்க மருத்துவர்கள் பலரும் இதே நம்பிக்கையில்தான் இருந்தார்கள். அதைச் சோதிக்க, இதயநோய் உள்ள 2,763 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஹெர்ஸ் ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. மாரடைப்போ இதயநோயால் மரணமோ நேர்ந்தவர்கள் ஹார்மோன் பிரிவில் 172 பேர், வெற்று மாத்திரைப் பிரிவில் 176 பேர். கவசம் எங்கே? முதலாண்டில் ஹார்மோன் பிரிவில்தான் பாதிப்பு அதிகம். சிரைகளில் இரத்தம் உறைந்தவர்களும் ஹார்மோன் பிரிவில் 34, வெற்று மாத்திரைப் பிரிவில் 12.

"அது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பழைய மருந்து" என்பீர்கள். சரி, பிரிட்டனில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,017 பெண்களிடம் பெண்ணுடலிலேயே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடயாலை வைத்தே சோதித்தார்கள். 2002இல் வெளியான அந்த முடிவிலும் பலன் தெரியவில்லை. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருக்கும், இதயநோய் இல்லாத பெண், குப்பென்று உடம்பு சூடேறி இரவெல்லாம் வியர்த்துத் தவித்தால், மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு வழக்கே இல்லை. "நீங்கள் மருத்துவரா?" என்று கேட்பவர்கள், நேரலையில் பேசியவரிடமும் ஒருமுறை அதைக் கேட்டிருக்கலாம்.

என் அக்காவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. உறவினர் ஒருவர் அந்தக் காணொளியை அவளுக்கு அனுப்பி, "இதையும் போட்டுப் பாரேன்" என்றார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரொலால் என்று அட்டைகளை மேசைமேல் பரப்பி, "இதில் எதை நிறுத்திவிட்டு அதைப் போடச் சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள். மாத்திரைக்குச் சலித்துப்போனவளிடம், இன்னொன்று போட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்வது எத்தனை எளிது!

தாடை வலித்து வியர்வையில் நனைந்து அவள் உட்கார்ந்திருந்த இரவில், வாயுவாகத்தான் இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தவரும் இதே உறவினர்தான். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வரலாம் என்று ஒரு நேரலை போடுங்கள். அதை நானே எல்லோருக்கும் அனுப்புகிறேன். அதற்கு இத்தனை பாராட்டு விழாது என்பதும் எனக்குத் தெரியும்.