அடுத்தவன் ஓட்டிக் கழிச்ச வண்டி

ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசப் பந்தியில என்ன நடந்துச்சுன்னு நம்ம சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். வீடியோ வேற சுத்திட்டு இருக்கு. "அடுத்தவன் ஓட்டிக் கழிச்ச வண்டியில வந்து எறங்கறார் பாருங்க, ஜெர்மன் ஜமீன்தார்." நான் வாங்கின பழைய பிஎம்டபிள்யூ காரைப் பார்த்து மச்சான் விட்ட வசனம், அவ்வளவுதான். ரெண்டு வரிசையும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ரசம் வேண்டாம்னுட்டு எந்திரிச்சுட்டேன்.

கோபத்துல எழுதலைங்க. கணக்கு மட்டும் சொல்றேன்.

2014 மாடல் பிஎம்டபிள்யூ 328ஐ. புதுசுல ஆன்ரோடு 40 லட்சத்தைத் தாண்டின வண்டி. நான் குடுத்தது 11.5 லட்சம். இந்தக் காசுக்கு இன்னிக்குப் புதுசா ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வரும், அதுவும் நடு வேரியன்ட். அதை எடுத்திருந்தா மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வெச்சிருப்பீங்க. 245 குதிரைசக்தி, பின்சக்கர ஓட்டம், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆறு விநாடி பக்கம். இதை எடுத்தவன் கோமாளி.

அப்புறம் அந்த 'ஜெர்மன்'. பிஎம்டபிள்யூ 2007-ல இருந்து செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில 3 சீரிஸ் கோர்க்குது. என் வண்டியும் அங்க கோர்த்ததுதான். நம்ம ஊர்ப் பசங்க போல்ட் முடுக்கின வண்டிங்க ஜமீன்தாரே.

மறுபடி சொல்றேன், இது ஆபீஸ் போற வண்டி இல்ல. அதுக்கு ஸ்விஃப்ட் இருக்கு, கடன் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இது ஞாயித்துக்கிழமை வண்டி. மாசம் 400 கிலோமீட்டர் ஓடினா அதிகம். சந்தோஷத்துக்கு வாங்கினது. அந்த வார்த்தையைச் சொல்லவே கூச்சப்பட வெச்சுட்டீங்க.

"மெயின்டனன்ஸ் சாகடிச்சுரும்." எனக்குத் தெரியாதா? இந்த என்20 எஞ்சின்ல, வால்வுகளை நேரத்துக்குத் தொறந்து மூட வெக்கற டைமிங் செயினைத் தாங்கற கைடு பிளாஸ்டிக். 2015-க்கு முந்தின எஞ்சின்கள்ல அது நொறுங்கறது ஊரறிஞ்ச கதை. அதனாலதான் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சிங்காநல்லூர்ல இருந்து நம்ம மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். ராத்திரி பூரா ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு, விசிலடிக்கற மாதிரி சத்தம் வருதான்னு குனிஞ்சு காதைக் குடுத்துக் கேட்டார். அப்புறம் ஆயில் ஃபில்டரைக் கழட்டி, மடிப்பு மடிப்பா விரிச்சு, ஒவ்வொண்ணுலயும் விரலை ஓட்டினார். பிளாஸ்டிக் துணுக்கு ஒண்ணுகூட இல்ல. இவ்வளவு சந்தேகமான்னு வித்தவர் மூஞ்சிதான் சுருங்கிப் போச்சு. "இருந்தாலும் மாத்திருங்க தம்பி"ன்னார் அண்ணன். செயின், கைடு, செயினை இறுக்கி வெக்கற டென்ஷனர், லேபர் எல்லாம் சேர்த்து 1.4 லட்சம். அதுக்கு மேல 2 லட்சம் தனி அக்கவுன்ட்ல கிடக்கு, இந்த வண்டிக்குன்னே. ஏழு வருஷ இஎம்ஐயில புது வண்டி எடுத்தவங்கள்ல எத்தனை பேர் பானட்டைத் தொறந்து பார்த்திருக்கீங்க? சரி, இது கொஞ்சம் ஓவர்தான். விடுங்க.

மைலேஜ்? டவுனுக்குள்ள 8 குடுக்கும். ஆமா, 8. அடுத்த கேள்வி.

"பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறா, இப்ப இது தேவையா?"ன்னு சித்தி கேட்டாங்க. அவங்க ஒருத்தர்தான் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அதுக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்ல.

ஆழியார் தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. காலையில ஆறு மணிக்கு ஒன்பதாவது வளைவுல நிறுத்தினா சுவர் மேல வரையாடு நிக்கும், நம்மளைப் பார்த்து ஒதுங்கக்கூடச் செய்யாது. அங்க வரைக்கும் ரெண்டாவது கியர், மூணாவது கியர், அவ்வளவுதான். வளைவை விட்டு வெளிய வர்றப்ப முதுகுல இருந்து யாரோ தள்ளி விடற மாதிரி இருக்கும். முந்தின மாடல் அளவுக்கு இதுல ஸ்டியரிங் பேசாது, ரோடு கைக்குத் தெரியாதுன்னு பெரிய ஆளுங்க சொல்லுவாங்க. நான் முந்தின மாடல் ஓட்டினதில்ல, எனக்கு நஷ்டமில்ல.

எங்க வீட்டுக்குப் புதுசா எதுங்க வந்துச்சு? அப்பாவோட டிவிஎஸ் 50, மில் சூப்பர்வைசர் ஓட்டிக் கழிச்சது. என் சைக்கிள் பெரியப்பா பையனோடது. பாடப் புத்தகத்துல ரெண்டு பேர் அடிச்சிருக்கும், மூணாவதா என் பேர். அப்ப யாரும் சிரிக்கல, "சிக்கனமான குடும்பம்"னு பாராட்டினீங்க. பழைய டிவிஎஸ்னா சிக்கனம், பழைய பிஎம்டபிள்யூன்னா திமிரு. எங்களுக்கு இவ்வளவுதான் அளவுன்னு கோடு போட்டது யாருங்க மச்சான்?

வண்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு அப்பா செருப்பை வாசல்லயே விட்டுட்டு வெறுங்காலோட ஏறினார். பந்தியில எனக்கு எதிர்வரிசைல உக்காந்திருந்தார். எல்லாரும் சிரிக்கறப்ப அவரும் இலையைப் பார்த்துட்டே சிரிச்சார். வீடியோவுல அதுவும் இருக்கு, ஓட்டிப் பாருங்க.

திரும்பி வர்றப்ப அவிநாசி ரோடு வரைக்கும் பேசல. அப்புறம் மெதுவா, "அடுத்த விசேஷத்துக்கு ஸ்விஃப்ட்லயே போயிக்கலாம்ப்பா"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லல. ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வெச்சேன்.