லிஃப்ட், ஏசி பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் கட்டடத்தில் "லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும், மாற்றுத்திறனாளிகள் போகவே முடியாது, ஏசியும் கிடையாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதிதான் சரி.

பெரும்பாலான லிஃப்ட்கள் மூன்று மாடிக்கு ஒருமுறை நிற்பது உண்மைதான். இறங்கியபின் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ போக வேண்டும். ஆனால் படி ஏற முடியாதவர்களுக்காக எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட் தனியாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்களுக்குத் தவறான எண்ணம்தான் வரும்.

ஏசி விஷயமும் அப்படித்தான். ஆட்களும் கருவிகளும் நெருக்கமாக இருக்கும் முதல் ஐந்து தளங்களுக்கு ஏசி உண்டு. அதற்கு மேல்தான் இயற்கைக் காற்று. 2007இல் திறந்த இந்த 18 மாடிக் கோபுரத்தின் அகலம் சுமார் 65 அடிதான். அந்த ஊரின் மிதமான தட்பவெப்பத்தில், ஒரு பக்க ஜன்னலில் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற இந்த ஒல்லியான வடிவம்தான் வழிசெய்கிறது. இரவில் ஜன்னல்கள் கணினிக் கட்டுப்பாட்டில் தானாகத் திறக்கும். குளிர்ந்த காற்று அறைகளின் கான்கிரீட் உட்கூரையைக் குளிர்வித்துவிடும், பகலில் அந்தக் கான்கிரீட் அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கட்டடக் கலைஞர் டாம் மேனும் (Thom Mayne) அவருடைய மார்ஃபோசிஸ் நிறுவனமும் செய்த இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், கண் கூசும் வெளிச்சம், வெப்பம் பற்றி அங்கே வேலை செய்பவர்கள் புகார் சொன்னதும் உண்மை. விமர்சிக்க வேண்டுமென்றால் அதைப் பேசுங்கள், அது நியாயமான விமர்சனம்.