தண்டனை அவர்களுக்கு, லாபம் இவர்களுக்கா?

நேற்று நம் குழுவில் சுற்றிய அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிகாகோவில், கஞ்சாக் கைதுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கிய லைசென்ஸில் நடந்த ஒரு கஞ்சா டிஸ்பென்சரி, அதாவது சட்டப்படி கஞ்சா விற்கும் கடை. அதன் பழைய போர்டு இறங்கி, பெரிய கம்பெனியின் போர்டு ஏறுகிறது. கீழே, "லைசென்ஸைத் தூக்கிக் கொடுத்தும் கடை நடத்தத் தெரியவில்லை" என்று ஒரு வரி. அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. இரவு முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி 1 அன்று கஞ்சாவின் பொதுவிற்பனை தொடங்கியது. அன்று கல்லாவைத் திறந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுக்கொண்டிருந்தவர்கள். கூடவே இன்னொரு கடை திறக்கவும் சட்டமே அவர்களுக்கு வழி விட்டது. கஞ்சாக் கைதுகளால் நொறுங்கிப்போன பகுதி மக்களுக்கு என்று அறிவித்த லைசென்ஸ்கள் என்ன ஆயின? விண்ணப்பம், மதிப்பெண், வழக்கு, குலுக்கல், மறுபடியும் வழக்கு. அந்த வழியில் வந்த முதல் கடைகள் திறக்க 2022 நவம்பர் ஆகிவிட்டது. ஏறக்குறைய மூன்று வருடம் முன்னால் ஓடவிட்டு, பிறகு இவர்களை ஓடச் சொல்லி, தோற்றுவிட்டான் என்று கைகொட்டுகிறோம்.

அந்த ஒதுக்கீட்டிலும் ஓட்டை வைத்தார்கள். அன்றைய விதிப்படி, குறைந்தது பத்து முழுநேர ஊழியர்கள் இருந்து, அவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பகுதிக்காரர்களாக இருந்தால், முதலாளி யாராக இருந்தாலும் அவரும் ஒதுக்கீட்டுக்கு உரிய சமூக நீதி விண்ணப்பதாரர்தான்! பாதிக்கப்பட்டவரை வேலைக்கு வைத்தால் பாதிக்கப்பட்டவனுக்கு உரிய இடம் முதலாளிக்குக் கிடைக்குமாம்.

நான் கணக்கு எழுதுகிறவள். இந்த வழியில் கடை வைத்த ஒரு பெண்மணிக்குக் கொஞ்ச காலம் கணக்குப் பார்த்தேன். கட்டணமும் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு அதை வைத்து ஒரு பதிவு வரும். அவருடைய தம்பி சின்ன வயதில் கஞ்சாக் கேஸில் உள்ளே போனவர். லைசென்ஸ் இதோ வருகிறது என்று நம்பிக் கடைக்கு இடம் பிடித்துவிட்டு, பூட்டிக்கிடந்த இடத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டியிருக்கிறார். அந்த ரசீதுகளைத்தான் முதல் நாள் என் மேசையில் வைத்தார். வங்கிக் கடன் கிடையாது. மாநிலம் அனுமதித்தாலும், நாடு முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா அப்போதும் ஹெராயினோடு ஒரே தடைப் பட்டியலில் இருந்ததால், பெரும்பாலான வங்கிகள் கிட்டேயே சேர்க்கவில்லை. வட்டிக்குக் கொடுக்க வந்த தனியார் முதலீட்டாளர்கள் கடையில் பங்கும் கேட்டார்கள்.

அப்புறம் வரி. இதைப் பொறுமையாகப் படியுங்கள். போதைப்பொருள் விற்றவர் ஒருவர் தன் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம் என்று 1981-ல் வரி நீதிமன்றம் சொன்னது. அதை அடைக்க 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்ததுதான் வரிச் சட்டத்தின் 280இ பிரிவு; போதைப்பொருள் விற்கிறவர் தொழில் செலவுகளைக் கழிக்க முடியாது என்பது அது. சட்டப்படி நடக்கும் கடைகளின் தலையிலும் அதுவே விழுந்தது. ஒரு கடை 10 லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்கிய செலவு 6 லட்சம். வாடகை, சம்பளம், காவல் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். கையில் நிற்பது 50 ஆயிரம். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 21 சதவீதம், அதாவது 10,500 டாலர் கூட்டாட்சி வரி. கஞ்சாக் கடைக்கோ சரக்கு விலையை மட்டும்தான் கழிக்கலாம். 4 லட்சத்துக்கு வரி, 84 ஆயிரம். லாபம் முழுவதையும் கொடுத்தபிறகும் 34 ஆயிரம் கைக்காசு போட வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்களே, இங்கே விதைநெல்லும் போயிற்று.

"இந்த வரி பெரிய கம்பெனிகளுக்கும்தானே?" என்பீர்கள். சரிதான். ஆனால் அவர்கள் கனடா பங்குச்சந்தையில் பணம் திரட்டுகிறார்கள், வக்கீல் வைத்து அந்த வரியையே எதிர்த்துக் கட்டியதைத் திருப்பிக் கேட்கிறார்கள். நஷ்டத்தைத் தாங்க அவர்களுக்கு ஆழமான பை இருக்கிறது. தாங்க முடியாதவர் விற்கிறார், தாங்குகிறவர் வாங்குகிறார். நீங்கள் சிரித்த படம் இதுதான்.

"குற்றம் செய்தவர்களுக்கு எதற்குச் சலுகை?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா புகைக்கிறார்கள். ஆனால் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.6 மடங்கு அதிகம் என்று குடிமக்கள் உரிமை அமைப்பான ஏசிஎல்யூவின் 2020 அறிக்கை சொல்கிறது. செயல் ஒன்று, விலங்கு மட்டும் ஒருவர் கைக்கு. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை எந்நாளும் ஏற்கமாட்டேன் என்றிருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் தலைவர் ஜான் பெய்னர், 2018-ல் ஏக்கரேஜ் என்ற கஞ்சா நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் போய் உட்கார்ந்தார். அவருக்குக் கடை நடத்தத் தெரியுமா என்று யாராவது கேட்டீர்களா?

கஞ்சாவே தப்பு என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கடையே வேண்டாம் என்று சொல்லுங்கள், புரிகிறது. கடை இருக்கலாம், தண்டனை பட்டவர்கள் மட்டும் நடத்தக்கூடாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நம்மவர்கள் சிரித்ததுதான் வலிக்கிறது. கிரீன் கார்டோடு அப்படி ஒரு கடையில் சட்டப்படி வேலை பார்த்தால்கூடக் குடியுரிமை மறுக்கப்படலாம் என்று 2019-லேயே குடிவரவுத் துறை சொல்லிவிட்டது. ஒரே விஷயம் ஒரு சட்டத்தில் சரி, இன்னொன்றில் குற்றம் என்றால் மாட்டிக்கொள்வது யார் என்பது விசாவுக்கு வரிசையில் நின்ற நமக்குத் தெரியாதா? ஒதுக்கீடு வந்தால் திறமை போய்விடும் என்ற பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நாம், அதே பேச்சை இங்கே வந்து இன்னொருவரைப் பார்த்துப் பேசுகிறோம்.

அந்தப் பெண்மணி கடையை விற்ற பணத்தில் பாக்கி வரியைக் கட்டினார். முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார். ஊழியர்களின் கடைசிச் சம்பளத்தையும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தார். கடை நடத்தத் தெரியாதவர் என்று நீங்கள் சொன்னது இவரைப் போன்றவர்களைத்தான். படத்துக்குக் கீழே அந்த வாசகத்தை எழுதியவர் இதைப் படித்தால், பதிவை நீக்கிவிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.