பிரேக் பெடல் பஞ்சாய் அமுங்கினால் பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்

"ரெண்டு நாள் ஓட்டுங்க சார், தானா செட் ஆயிடும்."

காரின் முன் சக்கர பிரேக் காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இரண்டையும் கழற்றி, சீல் மாற்றி, புது பேட் போட்டு, பில்லை நீட்டியபோது ஒர்க்‌ஷாப்பில் சொன்னது இது. பெடலோ பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. நம்பி எடுத்து வந்தேன். பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷனில் முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது வண்டி. அந்த நெரிசலில் யாரும் பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதால் பிழைத்தேன்.

புது பேட் பிடிமானத்துக்கு வரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், உண்மைதான். ஆனால் அதற்கும் பெடல் அமுங்குவதற்கும் சம்பந்தமில்லை. பிரேக் ஆயில் அமுங்காது, காற்றுதான் அமுங்கும். லைனில் குமிழி இருந்தால் நம் கால் பலமெல்லாம் அதை நசுக்கவே போய்விடும்.

திரும்பக் கொண்டுபோனேன். மூன்று முறை ஏர் எடுத்தார்கள் (லைனில் உள்ள காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது), ஆயில் போனதுதான் மிச்சம். கடைசியில் "மாஸ்டர் சிலிண்டர் மாத்தணும் சார்" என்றார்கள். அங்கேதான் சந்தேகம் தட்டியது. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் இந்த மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிந்தால், அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். என் பெடல் இறங்கவில்லை. நாலு தடவை பம்ப் செய்தால் மேலே ஏறியது. அது காற்றின் குணம். (பின் சக்கர டிரம் பிரேக்கில் ஷூ தளர்ந்திருந்தாலும் இப்படி ஏறும். ஆனால் பின்பக்கம் யாரும் கை வைக்கவே இல்லை.)

அல்சூரில் ஒரு சேலத்துப் பெரியவரிடம் போனேன். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, நிப்பிள் கீழ பாக்குது. ரைட் காலிபரை லெஃப்ட்ல மாட்டிருக்காங்க." காற்று மேலே போய்த் தேங்கும், அதை வெளியே விடும் நிப்பிள் அடியில் இருந்தால் ஆயுசுக்கும் ஆயில்தான் வரும். இரண்டையும் இடம் மாற்றி, ஏர் எடுத்தார். பெடல் கல் மாதிரி நின்றது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். தெரிந்தே "செட் ஆயிடும்" என்று அனுப்பினார்களே, அதுதான் ஆறவில்லை. அந்த வாரம் ஊருக்குக் கிளம்பியிருந்தால் தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் அந்தக் குமிழியோடுதான் இறங்கியிருப்பேன், பின்சீட்டில் அம்மாவோடு.

இப்போதெல்லாம் சாவி கைக்கு வந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா, மெல்லக் கீழே இறங்குகிறதா என்று அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்க்கிறேன். சர்வீஸ் அட்வைசர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.