அவள் சிரித்ததை விட்டுவிடுங்கள்

எந்தக் காணொளியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு முழுக்க அதுதான் ஓடுகிறது. நான் அதை இங்கே போடமாட்டேன். செத்த வீட்டில் தகப்பனின் பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடந்தது அவ்வளவுதான். அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியிருப்பதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. வளர்ப்புச் சரியில்லையாம். காணி கிடைத்த சந்தோசமாம். அந்த மனிதர் படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவருக்குக் கஞ்சி பருக்கி, மலசலம் அள்ளியது அவள்தான் என்று அந்த ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

துக்கத்தில் வருகிற சிரிப்பு சந்தோசத்தில் வருவதில்லை. தாங்க முடியாதது வந்து விழும்போது உடம்பு தனக்குத் தெரிந்த வழியால் அதை வெளியே தள்ளும். ஒருவருக்குக் கண்ணீர், ஒருவருக்கு மயக்கம், ஒருவருக்குச் சிரிப்பு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 பேரில் பலர் வியர்த்து நடுங்கினார்கள், 14 பேர் சிரித்தார்கள். ரசித்துச் சிரிக்கவில்லை என்று பிறகு அவர்களே வருந்தி விளக்கினார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லவாவது இடம் கிடைத்தது. இவளிடம் யார் கேட்டீர்கள்?

என் பெரியம்மாவுக்கு ஊர் மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடி. 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது உடுப்பு மூட்டைகள் வந்தன. அவர் கைக்கு அகப்பட்டது பனி நாட்டில் போடுகிற கம்பளிக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கழுத்தைச் சுற்றி மயிர் வைத்துத் தைத்திருந்தது. ஈரச் சேலைக்கு மேலே அதைப் போட்டுப் பார்த்தார். கை முழுக்க உள்ளே போய்விட்டது, விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த பெண்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களில் ஒருவர்கூட ஆளை இழக்காதவர் இல்லை. அப்போது வாசலில் நின்ற ஒருவர், "ரெண்டு புள்ளையையும் கடலுக்குக் குடுத்தவள் சிரிக்கிறத்தப் பாருங்க" என்றார். பெரியம்மா கோட்டைக் கழற்றி, மடித்து, மூட்டைக்குள் வைத்தார். இன்றைக்கும் நாலு பேருக்கு முன்னால் அவர் பல் தெரியச் சிரிப்பதில்லை. அந்த ஆள் இதை எப்போதோ மறந்திருப்பார்.

"அப்ப செத்த வீட்டில போய்ச் சிரிக்கச் சொல்றியா?" என்று ஒருவர் வருவார். இல்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவன் அடக்கமாக இருக்கவேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் பேசுவது துக்கம் யாருடையதோ அவர்களைப் பற்றி. அடுத்து இன்னொருவர் பண்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். எந்தப் பண்பாடு? பந்தலுக்குக் கீழே ஆண்கள் விடிய விடிய முந்நூற்றிநாலு சீட்டு அடித்து, தோற்றவனைப் பார்த்து ஊருக்கே கேட்கச் சிரிக்கிறார்கள். பிரேதத்துக்குக் காவல் இருக்க நித்திரை முழிக்கவேண்டும், சரி. அது நல்ல வழக்கம்தான். அந்தச் சிரிப்பை ஒருவரும் படம் பிடிப்பதில்லை. என் பெத்தாவின் (பாட்டியின்) செத்த வீட்டில் ஒப்பாரி சொன்ன கிழவி, பெத்தாவின் வாய்க்காரத்தனத்தையும் சேர்த்துப் பாடினார். அழுதுகொண்டிருந்த அம்மாவும் மாமிமாரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், மறுகா அழுதார்கள். அவர்களுக்குப் பாசம் இல்லையா?

துணையை இழந்தவர்களைக் கெல்ட்னர், பொனானோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆறு மாதங்கள் கழித்துச் சந்தித்து, 1997இல் எழுதினார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது மனதாரச் சிரித்தவர்களிடம் கோபம் குறைவாக இருந்தது. இதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுச் சாவுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் கடைசி முகத்தைப் பார்க்கத்தான் நேரலை போடுகிறோம். வரமுடியாமல் கைபேசியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்காக. அதிலிருந்து சில விநாடியை வெட்டி, பாட்டுச் சேர்த்து, முகத்தைப் பெருப்பித்துப் போட்டவர் அந்த வீட்டில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தவராகத்தான் இருக்கவேண்டும். அவருடைய வளர்ப்பைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை? பெண் எப்படி அழவேண்டும், எவ்வளவு நேரம் அழவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று அளந்துகொண்டிருக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? அவளுடைய தகப்பன் செத்திருக்கிறார். உங்களுடையவர் இல்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும். அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழியுங்கள். அழிக்காதவர்கள் என் நட்பில் இருக்கவேண்டாம், சொந்தக்காரர் என்றாலும் சரி.